நாடி ஐம்பத்தாறு

மகனே, உன் ரயில் இன்னும் ராஜபாளையத்தைத் தாண்டியிருக்காது. அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். பிளாட்பாரத்தில் நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "வார்டுல மருந்து குடுக்கும்போது சந்தேகம் வந்தா என்ன செய்வே?" என்றேன். நீ சிரித்தாய். "டாக்டர் எழுதியிருப்பார், சீனியர் எடுத்து வச்சிருப்பாங்க, நான் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன். இதுல சந்தேகம் எங்க இருந்தும்மா வரும்?" என்றாய். அதற்குள் வண்டி வந்துவிட்டது. உன் அப்பா பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம், "இவன் அம்மையும் நர்ஸுதான். ஆறு வருஷ சர்வீஸ்ல ஒரு தப்பு கிடையாது, பாத்துக்கிடுங்க" என்று பெருமையாகச் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நீ வார்டுக்குள் நுழையும் முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். உன் அப்பா சொன்னது உண்மையல்ல.

நான் நர்சிங் பட்டம் வாங்கி ஊருக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். இளையரசனேந்தலில் எங்கள் அப்பா மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்தவர். வேதப்புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இருபது படுக்கை, ஒரே டாக்டர், எங்களுக்கு மேலே ஒரு பெரிய சிஸ்டர். அவர் பட்டம் படித்தவர் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குழந்தைக்கு ஊசி நரம்பு பிடிக்கக் கூடியவர். என்னைப் பார்த்தால் அவருக்கு ஒரு சிரிப்பு. "பி.எஸ்.சி.காரி வாராடி, வழி விடுங்க" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். "படிச்ச பிள்ளைன்னா நாலு வார்த்தை பேசும். இது என்னட்டி, தபால்பெட்டி மாதிரி எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிட்டு நிக்கி!" என்று மற்றவர்களிடம் சொல்வார். அது சரிதான். நான் எல்லாவற்றையும் பார்ப்பேன். யார் எப்போது இருமினார்கள், யாருடைய மனைவி அழுதிருக்கிறாள், எந்தப் படுக்கையில் தட்டு சாப்பிடாமல் திரும்புகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து கேட்பதுதான் வராது.

பரீட்சைக்கு நீயும் மனப்பாடம் செய்திருப்பாய்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அந்த ஐந்தையும் நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. எங்கள் வார்டில் ஒரே சமயத்தில் இரண்டு மாடசாமி, மூன்று முத்தம்மாள் இருப்பார்கள். அதனால் பேரோடு தகப்பன் பேரையும் ஊரையும் கேட்டுத்தான் கொடுப்பேன். கால் மில்லிகிராம் என்றால் புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு எழுதுவேன். புள்ளி மட்டும் இருந்தால், மங்கிய தாளில் அது காணாமல் போய், கால் என்பது இருபத்தைந்து ஆகிவிடும். பாட்டிலை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, ஊற்றும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை சீட்டை வாசிப்பேன். இவ்வளவு ஒழுங்காக இருந்தும் ஒரு மனிதரைச் சாகும் அளவுக்குக் கொண்டுபோனேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெயரும் மாடசாமிதான். விசைத்தறியில் வேலை செய்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது. இதயம் தாறுமாறாக, வேகமாக ஓடும். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். டாக்டர் அவருக்கு டிஜாக்சின் மாத்திரை கொடுத்திருந்தார். காலையில் ஒன்று. நாடி இறங்கவில்லை. அதனால் இரண்டாக்கினார். அப்படியும் ஆறு மாதமாக முன்னேற்றமில்லை. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வந்து சேர்ந்தார். நீர் பிரிவதற்கு இன்னொரு மாத்திரையைச் சேர்த்து, டிஜாக்சின் இரண்டை அப்படியே தொடரச் சொன்னார் டாக்டர். "இந்த ஆளுக்கு மருந்து பிடிக்கவே மாட்டேங்குதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மருந்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வாயில் போட்ட மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலின் வழியாக ரத்தத்தில் சேர்ந்தால்தான் அது மருந்து. அதுவரை அது வெறும் பொடி. ரத்தத்தில் சேர்ந்தது தன் வேலையைச் செய்யும், பிறகு ஈரல் வழியாகவோ சிறுநீரகம் வழியாகவோ வெளியேறும். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்ற இந்த இரண்டின் நடுவில்தான் மனிதன் பிழைக்கிறான். சில மருந்துகளில் கொஞ்சம் கூடினாலும் ஒன்றும் ஆகாது. டிஜாக்சின் அப்படியல்ல. குணமாக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே வரும். நீர் மாத்திரையால் உடம்பில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதன் விஷம் இன்னும் ஏறும். அதனால்தான் ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்து ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

மாடசாமி அண்ணாச்சி சேர்ந்த முதல் நாளே அவருடைய தலையணைக்குக் கீழே ஒரு பொட்டலத்தைப் பார்த்தேன். கோயில் புற்றுமண். இந்த ஊரில் அதைப் பூசாதவர்களும் சாப்பிடாதவர்களும் குறைவு. ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் இவர் இரண்டு கரண்டி மண்ணை டம்ளர் தண்ணீரில் கரைத்து, அதோடுதான் மாத்திரையை விழுங்கினார். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் காரணமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "இங்கிலீஷ் மருந்து சூடுலா வே. சாமி மண்ணக் கரைச்சிக் குடிச்சாத்தான் வயித்தப் புண்ணாக்காது. நம்ம தறிச்செட்டுல மாத்திரை திங்கவன் அம்புட்டுப் பேரும் இப்படித்தான்."

நான் கேட்டேன், பார்த்தேன். ஒன்றும் விசாரிக்கவில்லை. நான் வேதக்காரப் பெண், கோயிலுக்குப் போகாத கிறிஸ்தவள். அவருடைய சாமி விஷயத்தில் மூக்கை நுழைத்ததாக ஆகிவிடுமோ என்று தயங்கினேன். தயக்கத்துக்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டேன். ஆனால் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த ஒரு விதி எனக்கு நினைவுக்கு வந்தது: மாத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, கண்முன்னே விழுங்க வைக்க வேண்டும். மறுநாளிலிருந்து அதைச் செய்தேன். காலையில் நானே வெறும் தண்ணீரோடு போய் நின்று, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நகர்வேன். மண் தண்ணீரை அவர் பிறகு, காப்பி குடித்து வெகுநேரம் கழித்துக் குடித்துக்கொள்வார். விதிப்படி நடக்கிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

என்ன செய்துவிட்டேன் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். மண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் இருந்த ஆறு மாதமும் அவர் விழுங்கியதில் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாக வெளியே போயிருக்கிறது. அதனால்தான் மருந்து "பிடிக்கவில்லை". அதைப் பார்த்து டாக்டர் அளவை இரண்டாக்கினார். அந்த இரண்டையும் நான் மண்ணிலிருந்து பிரித்து, முழுதாக அவருடைய ரத்தத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன். மண்ணின் மேல் குற்றமில்லை. அவருடைய வழக்கத்தை வைத்துத்தான் அளவே ஏறியிருக்கிறது என்பதை அறியாமல் நான் வழக்கத்தை மட்டும் மாற்றினேன்.

நாலாம் நாள் அவருடைய இட்லி அப்படியே திரும்பியது. ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, ராத்திரியோட ராத்திரியா சுவத்துக்கு மஞ்ச அடிச்சிட்டியளா? கல்யாண வீடு மாதிரில்லா இருக்கு!" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர், "மாப்பிள்ளை நீரு, பொண்ணு யாரு வே?" என்றார். வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். டிஜாக்சின் கூடினால் பார்வையில் மஞ்சள் தட்டும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எழுதினவள் ஒருத்தி, சிரித்தவள் ஒருத்தி போல நின்றேன்.

ஆறாம் நாள் காலை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். எப்போதும் தாறுமாறாக ஓடும் நாடி அன்று கடிகாரம் போல ஒழுங்காக இருந்தது. சந்தோஷப்பட்டேன். தாறுமாறான நாடி மருந்துக்குப் பிறகு திடீரென்று ஒழுங்காவதும் ஓர் எச்சரிக்கை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அரை நிமிடம் எண்ணினேன். இருபத்தெட்டு. இரண்டால் பெருக்கி ஐம்பத்தாறு என்று தாளில் எழுதினேன். எழுதிய பிறகுதான் அந்த எண்ணைப் பார்த்தேன். ஒரு கையில் மாத்திரை. டாக்டர் வெளியே நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பேரையும் விலக்கிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். பெரிய சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், பல்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றேன். அவர் ஒரு குழந்தைக்கு டிரிப் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "டாக்டர் எழுதினதுதானட்டி? குடுத்துட்டு வா. நின்னுக்கிட்டே இராத" என்றார்.

நான் எண்ணைச் சொல்லவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும். "ஐம்பத்தாறு" என்று சொல்லியிருந்தால் அவர் திரும்பிப் பார்த்திருப்பார். "கொஞ்சம் கம்மி" என்றால் யாரும் திரும்ப மாட்டார்கள். திரும்பி நடக்கும்போது எனக்கு வசதியான ஒரு கணக்கும் கிடைத்தது: இப்படிப்பட்ட இதயத்தில் சில துடிப்பு மணிக்கட்டு வரை வராது, அதனால் நெஞ்சில் வைத்து எண்ணினால் அறுபதுக்கு மேலேதான் இருக்கும். குழல் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நெஞ்சில் வைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வைக்காமல் இரண்டு மாத்திரையையும் கொடுத்தேன்.

மதியம் ஒரு மணிக்கு அவருடைய மனைவி பேச்சியம்மாள் வராந்தாவில் கத்தினாள். அண்ணாச்சி வாந்தி எடுத்து, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே விழுந்து கிடந்தார். தூக்கிப் படுக்க வைத்தோம். இப்போது குழலை வைத்தேன். இதயம் இரண்டிரண்டாகக் குதித்து, நின்று, மறுபடி குதித்தது. தொண்ணூறுக்கு மேல் ஓடியது. டாக்டருக்கு ஆள் போனது. பெரிய சிஸ்டர் தாளை எடுத்துப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. என்னை மருந்து அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏட்டி, ஐம்பத்தாறுன்னு எழுதிட்டா குடுத்தே?"

"நான் சொன்னேனே சிஸ்டர்."

"இப்படியாட்டி சொன்னே?" என்றவர், வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சரி, அழாத. அந்த மொத அஞ்சு இருக்குல்லா, அதோட வயித்த மூடிரு. அறுபத்தாறு ஆயிரும். உனக்கு வேலை போயிரும்ட்டி. உங்க அப்பா பருத்தி வித்துல்லா உன்னப் படிக்க வச்சாரு."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் பேனாவைத் திறந்தேன். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. முனையை ஐந்தின் வயிற்றில் வைத்தேன். ஒரு நீலப் புள்ளி விழுந்தது. அப்போது டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. பேனாவை மூடிவிட்டேன். நல்ல புத்தி வந்து மூடினேனா, பயந்து மூடினேனா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

டாக்டர் பார்த்தார். எங்களிடம் ஈ.சி.ஜி. மெஷின் கிடையாது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் நிலையிலும் அண்ணாச்சி இல்லை. மூச்சு வாங்குகிறது, இதயம் வேகமாக ஓடுகிறது, ஆறு மாதமாக மருந்து பிடிக்காத ஆள். "ஹார்ட் இன்னும் திணறுது. டோஸ் பத்தலை. டிஜாக்சின் ஊசியை எடு" என்றார். பெரிய சிஸ்டர் ஊசி மருந்தை எடுத்து உடைக்கப் போனார். டாக்டர் என்னிடம், "காலையில நாடி எவ்வளவு?" என்றார்.

மகனே, அந்த ஊசி போயிருந்தால் அவர் அங்கேயே முடிந்திருப்பார். அறுபத்தாறு என்று நான் சொல்லியிருந்தால் அது போயிருக்கும்.

"ஐம்பத்தாறு டாக்டர்" என்றேன். "ஒரே சீரா இருந்துச்சு. மணிக்கட்டுல அரை நிமிஷம்தான் எண்ணினேன். நெஞ்சுல வச்சுப் பாக்கலை. ரெண்டு மாத்திரையும் குடுத்துட்டேன். மூணு நாளா சாப்பாடு இறங்கலை. நேத்து சுவர் மஞ்சளாத் தெரியுதுன்னார்."

டாக்டர் பெரிய சிஸ்டரின் கையைப் பிடித்தார். ஊசி மருந்து தட்டுக்குத் திரும்பியது. "ஆனா ஆறு மாசமா இதே ரெண்டு மாத்திரை சாப்பிட்ட ஆளாச்சே. இப்ப மட்டும் ஏன்?" என்றார். தனக்குத்தானே கேட்டுக்கொண்டதுபோல இருந்தது. அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "வீட்டுல மண் தண்ணியோட சேத்துச் சாப்பிட்டார் டாக்டர். இங்கன நான் வெறும் தண்ணியில குடுத்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "காலையில ஏன் வந்து சொல்லலை?"

"கூட்டமா இருந்துச்சு."

"கூட்டம் எப்பவும்தாம்மா இருக்கும்" என்றார். திட்டவில்லை. டிஜாக்சினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். பொட்டாசியம் மருந்தை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். விஷத்தை எடுக்க எங்களிடம் வேறு வழியில்லை, உடம்பே அதை வெளியேற்றும் வரை காத்திருக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை நெஞ்சில் குழல் வைத்து, முழு நிமிடம் எண்ணி எழுதினேன். நான் எண்ணாத நேரத்தில் பெரிய சிஸ்டர் எண்ணினார். அலமாரிக்குப் பின்னால் நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் அவர் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, "எண்ணச் சொல்லு" என்பார்.

இரண்டாம் நாள் வாந்தி நின்றது. நாலாம் நாள் அவருடைய கட்டிலருகே போய், "அண்ணாச்சி, சுவர் என்ன நிறம்?" என்று கேட்டேன். உற்றுப் பார்த்தார். "வெள்ளைதான். அடிச்சவன் ஒழுங்கா அடிக்கலியே, திட்டுத் திட்டால்லா இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேச்சியம்மாளிடம் மண் விஷயத்தைச் சொன்னேன். மண் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையோடு சேர்க்க வேண்டாம், மதியத்துக்குத் தள்ளி வையுங்கள், ஒரு சிட்டிகை போதும் என்றேன். டாக்டர் புதிதாக எழுதிய குறைந்த அளவு அந்தக் கணக்கில்தான். பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொத நாளே நீ பாத்தேல்லா தாயி?"

"பாத்தேன்."

"பொறவு ஏன் கேக்கல?"

"உங்க சாமி மண்ணு. நான் கேட்டா தப்பா நினைப்பியளோன்னு."

"நல்லாருக்கே! வேதக்காரப் பிள்ளை, சொன்னாச் சிரிக்கும்னு நாங்களும்லா வாயத் தொறக்கல" என்றாள். பிறகு சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் பதவிசா இருந்து மனுசனக் கொன்னுருப்போம்" என்றாள்.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் பிரித்துப் பிரித்து எழுத வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். "வேற என்ன மருந்து சாப்பிடுதிய?" என்று கேட்டால் யாரும் மண்ணைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது மருந்தில்லை. கஷாயத்தையும் சொல்ல மாட்டார்கள். "காலையில எந்திரிச்சதிலிருந்து வாயில என்னவெல்லாம் போடுதிய, எதோட சேத்து?" என்று கேள். நீ போகும் ஊரில் மண் இருக்காது, வேறொன்று இருக்கும். நம் வீட்டிலேயே நடந்ததுதானே. உனக்கு நாலு வயதில் காய்ச்சல். அப்பா மருந்து ஊட்டிவிட்டுத் சந்தைக்குப் போய்விட்டார், அது தெரியாமல் நானும் ஊட்டினேன். அன்று முழுக்க உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் நம் வீட்டு நாள்காட்டித் தாளில் மருந்தும் நேரமும் எழுதும் வழக்கம் வந்தது. "ஏம்மா கேலண்டரக் கிறுக்குத?" என்று நீ கேலி செய்வாய். கொடுத்ததைக் கொடுத்தவுடன் எழுது. தவறாகக் கொடுத்திருந்தாலும் அப்படியே எழுது. உனக்குப் பின்னால் வருகிற ஆளுக்கு அந்த எண்தான் கண்.

நீயும் என்னைப் போலக் கூச்சக்காரன். அது எனக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் நீ சிரித்த சிரிப்பு என் பழைய சிரிப்பு. கூச்சம் போகாது, எனக்கு இன்னும் போகவில்லை. அது இருக்கும்போதே போய்ச் சொல்லலாம். குரல் நடுங்கினாலும் எண் நடுங்காது.

மாடசாமி அண்ணாச்சி அதற்குப் பிறகு மறுபடி தறிக்குப் போனார். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு வருவார். நான் கேட்கும் முன்பே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "முழு நிமிசம் தாயி, அரையெல்லாம் செல்லாது" என்பார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்ட பிறகும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் விடமாட்டார். வெற்றிலைப் பாக்குப் பையைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கையை நீட்டுவார். எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குக் காது சிவந்துவிடும். ஆனாலும் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, அறுபது நொடியும் எண்ணுவேன். அப்படி இரண்டு முறை இளையரசனேந்தல் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

உன் அம்மா